ஈரம் பார்க்கிற வேலை

"பதினெட்டு வருஷமா நான்தான சார் மல்லாட்டைக்கு ஈரம் பாக்குறேன்? அந்த சூப்பர்வைசர் வேலைய எனக்கே குடுங்க."

செஞ்சி எண்ணெய் மில் மேனேஜர், எதிரே நின்ற அமிர்தவல்லியை நிமிர்ந்து பார்த்தார்.

"டிகிரி இருக்குதா?"

"எட்டாவது, சார்."

"ஹெட் ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்கம்மா. உம் பொண்ணு பி.எஸ்சி. தான? அவள அனுப்பு."

"அவ கணக்கு படிச்சவ சார். காஞ்ச காய் எது, ஈரக்காய் எதுன்னு அவளுக்கு இன்னா தெரியும்?"

"தெரியாட்டி போவுது. பக்கத்துல நீ இருக்கியே."

வீட்டில் சுவாதி சண்டைக்கு வந்தாள்.

"உன் வேலைய நான் புடுங்கிக்கணுமா? போம்மா!"

"வேற எவளாச்சும் வந்து உக்காருவா. எனக்கா குடுக்கப் போறான்? நீயே போடி."

திங்கட்கிழமை சிங்கவரத்திலிருந்து முதல் லோடு வந்தது. அமிர்தவல்லி ஒரு கை நிலக்கடலைக் காயை அள்ளிக் காதருகே குலுக்கினாள். உள்ளே பருப்பு உருளும் சத்தமே இல்லை.

"ஈரம். இன்னும் ரெண்டு நாள் காயணும்."

சுவாதி அதை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். லோடு கொண்டுவந்த விவசாயி முகம் சுளித்தார்.

மேனேஜர் அவரிடம், "மேடம் சொன்னா கரெக்டா இருக்கும்யா. படிச்ச பொண்ணு" என்றார்.

சுவாதி பேனாவைக் கீழே வைத்தாள். "சார், சொன்னது எங்கம்மா."

"சொன்னா இன்னா? அவங்க கையெழுத்து செல்லாதேம்மா."

அமிர்தவல்லி அடுத்த மூட்டையைப் பிரித்து, காயைக் குலுக்கிப் பார்த்தாள்.

"பேனாவ எடுங்க மேடம்" என்றாள் மகளிடம். "இதுவும் ஈரம்."