மௌரீன் சிஸ்டரின் பிபி மெஷின்

காக்ஸ் டவுன் நர்சிங் ஹோமில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த மௌரீன் சிஸ்டருக்கு, வந்து நான்கு மாதம்கூட ஆகாத ஒரு பெண்ணைப் பார்த்து வயிறு எரிந்தது. இதில் பூசி மெழுக என்ன இருக்கிறது? எரிந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பெண் சங்கமித்ரா. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் விடிவதற்குள் ரயிலேறி வருகிறவள். போன வருஷம் சுரங்கத்தை மூடியதிலிருந்து அப்பா வீட்டோடு இருக்கிறார். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. வழி முழுக்க நின்றுகொண்டே வந்தாலும் சீருடையில் ஒரு கசங்கல் இருக்காது. டாக்டர் அனந்தலக்ஷ்மி ரவுண்ட்ஸ் வந்ததும் "சங்கமித்ரா எங்கே?" என்றுதான் வாயைத் திறப்பார். முன்பெல்லாம் அந்த இடத்தில் இருந்த பெயர் மௌரீன்.

மௌரீனுக்கு மிச்சமிருந்த பெருமை ஒன்றே ஒன்று. ஓய்வு பெற்றுப் போன மேட்ரன், தன் சொந்த பிபி மெஷினை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கையில் சுற்றும் பட்டை நல்ல நீலத் துணி. அதை வைக்க மௌரீன் பூவேலை செய்து ஒரு பை தைத்திருந்தாள். வார்டின் பொது மெஷினிலோ பட்டை ஒட்டவே ஒட்டாது. சங்கமித்ரா பிளாஸ்டர் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், உங்களோடத ஒரு நிமிஷம் குடுங்களேன்" என்று ஒருநாள் கேட்டாள்.

"கண்டவங்க கையில குடுக்கறதுக்கா மேட்ரன் எனக்குத் தந்தாங்க?" என்று மௌரீன் பையின் நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

அந்த ஜூன் மாதம் வார்டில் பேதி கிளம்பியது. முதலில், கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்திருந்த லட்சுமம்மா. ஒரே நாளில் பன்னிரண்டு தடவை. அப்புறம் இன்னும் இரண்டு பேர். மலத்தைச் சோதனைக்கு அனுப்பிய டாக்டர், முடிவு வந்ததும் நர்ஸுகளைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இது சாப்பாட்டால வந்த பேதி இல்ல. கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்னு ஒரு கிருமி. ஆன்டிபயாட்டிக் நிறைய போன குடல்ல நல்லா வளரும். நம்ம கை வழியா, நம்ம சாமான் வழியாத்தான் பெட்டுக்கு பெட்டு போகுது. ஸ்பிரிட்டுக்கெல்லாம் சாகாது. சோப்பு போட்டு கை கழுவுங்க. நோயாளி மேல படற சாமான் எல்லாத்தையும் பிளீச்சிங் தண்ணியில துடைங்க. எல்லாத்தையும்."

மௌரீன் முழங்கைவரை சோப்பு போட்டாள். கட்டில், மேஜை, கதவுப்பிடி எல்லாம் துடைத்தாள். நீலப் பட்டையை மட்டும் தொடவில்லை. பிளீச்சிங் பட்டால் சாயம் போய்விடுமே! தன் ஒருத்தி கையில் மட்டும் இருக்கிற சாமானில் எங்கிருந்து கிருமி வரும் என்று அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். சங்கமித்ராவோ பொது மெஷினைத் துடைத்துத் துடைத்து அதன் பட்டையை வெளுக்கவே வைத்துவிட்டாள்.

ஆறாம் நம்பர் அறையில் ஆதிகேசவன் இருந்தார். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது வருஷம் இறங்கி ஏறியவர். இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகி, புண் ஆறுவதற்காக ஆன்டிபயாட்டிக் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. சங்கமித்ரா தன் ஊர்க்காரப் பெண் என்று தெரிந்ததிலிருந்து அவர் முகமே மாறிவிட்டது. இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் வராந்தாவரை கேட்கும்.

"நம்மூரு பொண்ணு கை பட்டா வலியே தெரில டாக்டர்" என்று அவர் சொன்ன அன்று, மௌரீனுக்குத் தாங்கவில்லை. டியூட்டி போடுகிறவள் அவள்தானே. ஆறாம் நம்பரைத் தன் பெயருக்கு மாற்றினாள்.

"பெரிய கேஸு. நானே பாத்துக்கறேன்."

"சரிங்க சிஸ்டர்" என்றாள் சங்கமித்ரா.

மௌரீன் பட்டையை ஆதிகேசவன் கையில் பதமாகச் சுற்றினாள். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு வரலீங்களா சிஸ்டரம்மா?"

ஐந்தாம் நாள் அவருக்கும் பேதி பிடித்தது. இரண்டே நாளில் கன்னம் ஒட்டி, பேச்சு நைந்துபோனது. டாக்டர் கொதித்தார். "எப்படிப் போச்சு அந்த ரூமுக்கு?"

மௌரீன் முந்திக்கொண்டாள். "தினம் ரயில்ல நூறு பேரை ஒரசிக்கினு வர்றா டாக்டர் அந்தப் பொண்ணு. முதல்ல அந்த ரூம பாத்துக்கினு இருந்ததும் அவதான்."

விசாரித்து முடியும்வரை சங்கமித்ரா வரவேண்டாம் என்று முடிவானது. அவள் டிபன் பாக்ஸை எடுக்க உடை மாற்றும் அறைக்குப் போனாள். மௌரீனுக்குப் பத்தொன்பது வருஷத்து மதிப்பும் திரும்பி வந்தாற்போல இருந்தது.

பேதி கண்ட நான்கு பேரின் சார்ட்டையும் ஒன்றாக எழுதித் தரச் சொல்லியிருந்தார் டாக்டர். மௌரீன் எழுத உட்கார்ந்தாள். பிபி பார்த்தவர் கையெழுத்து: எம். எம். எம். ஆதிகேசவனுக்கும், டியூட்டி மாறிய நாளிலிருந்து எம். அவளுக்குக் கை நின்றது. வார்டில் எஸ் என்று கையெழுத்து இருந்த மற்ற மூன்று பேரின் சார்ட்டையும் எடுத்தாள். அதே மருந்துதான் ஏறியிருந்தது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

பையின் நாடாவை அவிழ்த்துப் பட்டையின் உள்பக்கத்தைத் திருப்பினாள். மடிப்பில் மஞ்சளாக ஒரு கறை, காய்ந்து ஒட்டியிருந்தது. லட்சுமம்மா பாத்ரூமிலிருந்து ஓடி வந்து படுத்த அன்று, ஈரம் காயாத அந்தக் கையில் அவசரமாகச் சுற்றியது நினைவுக்கு வந்தது.

பிளீச்சிங் வாளி பக்கத்திலேயே இருந்தது. முக்கி எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பட்டையை வாளிக்கு மேலே பிடித்தும்விட்டாள். ஆறாம் நம்பரிலிருந்து ஈனக் குரல் வந்தது. "சிஸ்டரம்மா... அந்தப் பொண்ண கூப்புடுங்களேன்."

தன் பொறாமைதான் அந்தக் கிழவரை இப்படிக் கிடத்தியிருக்கிறது. மௌரீன் பட்டையைப் பையில் போட்டு, சார்ட்டுகளோடு கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்தாள்.

"இதுதான் டாக்டர். நாலு பேருக்கும் நான்தான் கட்டினேன். ஒருநாளும் துடைக்கல. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல."

டாக்டர் சார்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: "இதைக் கண்டுபிடிச்சது யாரு? சங்கமித்ராவா?"

"இல்ல டாக்டர். நான்."

சங்கமித்ரா வெளிவாசல்வரை போய்விட்டிருந்தாள். மௌரீன் மூச்சிரைக்க ஓடிப்போய் அவளை நிறுத்தினாள்.

"நீ எங்கேயும் போக வேணாம். என் சாமான்லருந்துதான் எல்லாருக்கும் போயிருக்கு. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். ஆறாம் நம்பர்ல உன்னத்தான் கேக்கறாரு. போம்மா."

சங்கமித்ரா டிபன் பாக்ஸை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

மௌரீன் வராந்தா குழாயடியில் நின்று, விரல் இடுக்கெல்லாம் சோப்பு போட்டுத் தேய்த்தாள். ஆறாம் நம்பரில் கிழவர், அத்தனை பலவீனத்திலும், சிரித்தார். மௌரீனுக்கு வயிறு எரியத்தான் செய்தது. அவள் இன்னொரு முறை சோப்பை எடுத்தாள்.