ஜான்ரோஸ் எலியாவாகப் பேசியது

"'ஜான்ரோஸ்: அவனுக்க ரத்தத்த நாய் நக்கும்.' இது யாரு எழுதினது?"

அன்பியத்து நோட்டை மடியில் விரித்து வைத்திருந்தார் காவல் ஆய்வாளர்.

"நான்தான் சார்," என்றாள் கிளாரா. அன்பியம் என்ற, முப்பது குடும்பங்கள் சேர்ந்த அந்த ஜெபக்குழுவுக்கு அவள்தான் தலைவி. கூட்டத்தில் பேசுவதை எழுதி வைப்பதும் அவள் வேலைதான்.

கடற்கரையில் மணல் அள்ள வந்த கம்பெனியின் ஜேசிபி முந்தின நாள் எரிந்துபோயிருந்தது. உள்ளே படுத்திருந்த காவலாளி தீக்காயத்தோடு நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பங்குக் கோயில் அலுவலகத்தில் நோட்டும், ஜான்ரோஸ்தான் தூண்டிவிட்டான் என்று எழுதிய ஒரு வாக்குமூலத் தாளும் கிளாராவுக்காகக் காத்திருந்தன. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப்பேரவையின் உறுப்பினர் யேசுரத்தினம் தாளில் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார். அவளும் போட்டால் ஜான்ரோஸ் சிறைக்குப் போவான்.

"அவரு நாலு நாளா கடல்ல கிடக்காரு சார். இண்ணைக்குச் சாயங்காலந்தான் கரை பிடிப்பாரு."

"கொளுத்தினவன் வேற. தூண்டிவிட்டவன் வேற."

யேசுரத்தினம் அவள் பக்கம் சாய்ந்தார். "ஏட்டி, போட்டுட்டு வீட்டுக்குப் போ. ஜான்ரோஸ் உனக்கு யாரு, கூடப்பிறந்தவனா?"

"உமக்குக் கூடப்பிறந்தவன் இல்லியா? ஞாயித்துக்கிழமை தோறும் சகோதர சகோதரிகளேன்னு வாசகம் வாசிக்கீரே."

ஆய்வாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இவருக்குச் சொன்னால் புரியும் என்று கிளாராவுக்குத் தோன்றிவிட்டது. விவிலியத்தை எடுத்து அரசர்கள் முதல் நூல், இருபத்தொன்றாம் அதிகாரத்தைத் திறந்தாள்.

"நாபோத்துன்னு ஒரு ஏழை சார். அவனுக்கத் திராட்சைத் தோட்டத்த ஆகாபு ராசா கேட்டான். அப்பன் பாட்டன் நிலம், தரமாட்டேன்னான். ராணி ரெண்டு பொய்ச்சாட்சியப் பிடிச்சு, அவன் கடவுளையும் ராசாவையும் பழிச்சான்னு சொல்ல வச்சு, கல்லெறிஞ்சு கொன்னுட்டா. அப்ப எலியா தீர்க்கதரிசி வந்து ராசாகிட்டச் சொன்னதுதான் அந்த நாய் வசனம். ஆளுக்கொரு வேஷம் குடுத்துப் பேசச் சொன்னோம். ஜான்ரோசுக்கு எலியா. எழுதும்போது நான் வேஷத்துப் பேரை எழுதாம ஆளுக்கப் பேரை எழுதிட்டேன்."

"எதுக்கு வேஷம்?"

அவளுக்கு உற்சாகம் வந்தது. விடுதலை இறையியல் என்று பங்குச் சாமியார் பெரிய பேராகச் சொன்னாலும் வேலை எளிதுதான். முதலில் வசனத்தை வாசிக்க வேண்டும். அடுத்து, இதில் அடிபட்டவன் யார் என்று தேடி, அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து மறுபடி வாசிக்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் அரண்மனை வேறு மாதிரித் தெரியும். கடைசியில், அந்த அரண்மனை இன்றைக்கு நம் ஊரில் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். இத்தனையையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"அப்ப இது பழைய கதை இல்ல."

"இல்ல சார். இப்ப நடக்கதுதான்."

"திராட்சைத் தோட்டம்?"

"நாங்க வலை காயப்போடுத மணல்."

"ராணி?"

"கம்பெனி."

"ராஜா?"

கிளாரா விவிலியத்தை மூடினாள். ஆகாபு யார் என்று அன்பியக் கூட்டத்திலும் கேட்டார்கள். வந்திருந்த ஒன்பது பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அடுத்த பக்கத்தில் அதையும் அவள்தான் எழுதியிருந்தாள்.

ஆய்வாளர் பக்கத்தைத் திருப்பினார். "'ஆகாபு: அரசாங்கம்.'" குரல் உயரவில்லை. "அரசாங்கத்துக்க ரத்தத்த நாய் நக்கணும். அதுவும் இப்ப. வண்டி எரிஞ்சதுக்கு ஒரு கேஸ்னு வந்தேன். நீங்க பெரிய கேஸா ஆக்கித் தந்துட்டீங்க."

மூலையில் காவலர் எழுதிக்கொண்டே இருந்தார். அவள் வாயைத் திறந்தது முதல் அவர் பேனா நிற்கவில்லை என்பதை இப்போதுதான் பார்த்தாள். தனக்கு எதிராக இப்படிப் பேனா ஓடுவது கடலில் கிடக்கும் ஜான்ரோசுக்குத் தெரியாது.

ஆய்வாளர் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "ரெண்டாவது சாட்சி. போடுங்க."

ரெண்டாவது. பக்கத்து நாற்காலியில் யேசுரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாபோத்துக்கு எதிரே உட்கார வைத்த ரெண்டு சாட்சிகளுக்கும் இப்படித்தான் நாற்காலி போட்டிருப்பார்கள். இந்தத் தாளில் இருப்பதைப் போல அவர்கள் சொன்னதிலும் பாதியாவது உண்மையாக இருந்திருக்கும்.

"போடமாட்டேன்."

"மக்கா, வம்பு வேண்டாம்," என்றார் யேசுரத்தினம்.

"எலியாவா பேசச் சொன்னது நான். அவருக்கு மனசில்ல, மாட்டேன்னுதான் சொன்னாரு. நிர்ப்பந்திச்சது நான். அதை எழுதுங்க சார். அதுக்குக் கையெழுத்துப் போடுதேன்."

ஆய்வாளர் தலையசைத்ததும் காவலர் புதுத் தாளை எடுத்தார். கிளாரா கையெழுத்துப் போட்டாள்.

"கேஸ்ல உங்க பேர் முதல்ல இருக்கும்," என்றார் ஆய்வாளர். "அவன் பேர் ரெண்டாவது."

வெளியே ஜீப் கிளம்பியது. ஜான்ரோசின் வள்ளம் ஏறும் துறையைப் பார்த்துத் திரும்பியது. கடலில் முதல் பாய் தெரிய ஆரம்பித்திருந்தது.