கேட்டால்தான் என்ன, எவர்ட்

ஸ்டாக்ஹோமில் எக்கெர் ஹோட்டலின் சுழல்கதவு மைலிஸை உள்ளே விட்டதும் வெளியிலிருந்த சத்தமெல்லாம் நின்றுபோனது. டிராமின் மணி இல்லை, கடற்பறவைகளின் கூச்சல் இல்லை, படகுத்துறையில் பனிக்கட்டி உரசும் சத்தமும் இல்லை. கணுக்கால்வரை புதைகிற கம்பளம் மட்டும் இருந்தது. முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டாக்களோடு மல்லுக்கட்டியவளுக்கு இப்படியொரு அமைதியில் நிற்பது, தூக்கத்தில் எழுந்து நடப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். எவர்ட் இன்னும் கதவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது சுற்றில் வெளியே வந்து விழுந்தான்.

“என்னப்பா, ராட்டினம் பிடிச்சுப்போச்சா?”

“இறங்கற இடம் தெரியல,” என்றான் எவர்ட்.

முப்பத்தைந்து வருஷம் பனி அகற்றும் லாரி ஓட்டியவன் இவன். எதிரில் நிற்கும் ஆளே தெரியாத புயலிலும் சாலையை மோப்பம் பிடித்துப் போவான் என்று வடக்கே பேர். அவனை ஒரு கதவு இந்தப் பாடு படுத்திவிட்டது. மைலிஸ் சிரித்தாள். இங்கே, இந்த இரண்டு நாளுக்குள், அவன் அதைக் கேட்கப்போகிறான் என்று அவள் நம்பியிருந்தாள்.

விந்தெல் ஆற்றின் இந்தக் கரையில் அவள் வீடு, அந்தக் கரையில் அவன் வீடு. பதினோரு வருஷமாக இருவரும் ஜோடி. ஆனாலும் அவரவர் வீடு, அவரவர் அடுப்பு. இந்த நாட்டில் அப்படி வாழ்கிறவர்கள் ஏராளம், யாரும் அதை ஒரு பேச்சாக எடுப்பதில்லை. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் நடந்தால் பத்து நிமிஷம். கோடையில் துடுப்புப் படகு. மே மாதம் பனி உடையும் இரண்டு வாரம் நடக்கவும் முடியாது, படகும் விட முடியாது. பாலத்தைச் சுற்றிப் போனால் நாற்பது கிலோமீட்டர். அந்த இரண்டு வாரமும் ஆளுக்கொரு கரையில் நின்று கையாட்டிக்கொள்வார்கள்.

இப்போது மகள் தூவா மால்மோவிலிருந்து கூப்பிடுகிறாள். நாட்டின் தெற்குக் கோடி அது. அவள் குடியிருக்கும் கட்டடத்திலேயே கீழ்வீடு காலியாகிறதாம். பேரன் பிறந்து ஏழு மாதம். “ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடும்மா, இல்லேன்னா வேற ஆளுக்குப் போயிடும்,” என்று சொல்லியிருந்தாள். ஞாயிறு என்பது நாளைதான்.

மைலிஸ் இன்னும் பதில் சொல்லவில்லை. எவர்ட்டிடமும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. எவர்ட் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தாள். என்கூட வந்து இரு என்று கேட்டுவிட்டால் போதும், மகளிடம் என்ன சொல்வது என்பது தானே தெரிந்துவிடும். தானாகப் போய் ‘நான் வந்து இருக்கட்டுமா’ என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. வேட்டைக்காரர்கள் சங்கத்து விருந்தில் முதல் நடனத்துக்கு அவனைக் கைபிடித்து எழுப்பியவள் அவள்தான். முதல் முத்தமும் அவள் கொடுத்ததுதான். இது ஒன்றையாவது அவன் கேட்கட்டுமே. ஜனவரியில் அவன் போன் செய்து, “ஸ்டாக்ஹோம் போலாமா, நல்ல ஹோட்டலா பார்த்து வெச்சிருக்கேன்,” என்றபோது அவள் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்துவிட்டது. எவர்ட்டின் கணக்கில் அது ஒரு மேடைப் பேச்சு.

அறை மூன்றாம் மாடியில். கம்பளம் பால்வெள்ளை. எவர்ட் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

“இதுமேல பூட்ஸோட நடக்கவா? என்ன ஜனங்களோ,” என்று முனகிக்கொண்டு, ஈரம் சொட்டும் நான்கு பூட்ஸையும் கதவுக்கு வெளியே, தாழ்வாரத்தில், மூக்கு சுவரைப் பார்க்க வரிசையாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். காலுறையோடு கம்பளத்தில் நடந்து பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே தண்ணீர். வெள்ளைப் படகுகள் பனித்துண்டுகளை ஒதுக்கிக்கொண்டு ஓசையில்லாமல் போய்வந்தன. பிப்ரவரி வெயில் மூன்று மணிக்கே இளஞ்சிவப்பாகி, எதிர்க்கரை ஜன்னல்களில் ஒவ்வொன்றாக ஏறியது. ஹோட்டலின் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு மைலிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நேரம் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. கட்டிலில் சாய்ந்திருந்த எவர்ட் தொண்டையைச் செருமினான்.

“மைலிஸ்…”

“ம்?”

அவள் ஜன்னலைவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“இந்தத் தலைகாணி ரொம்ப நல்லா இருக்கு.”

பிறகு கீழே, நிலவறையில், கல் வளைவுகளுக்கடியில் வெந்நீர்க் குளம். ஆவியில் எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை. இருவரும் மல்லாந்து மிதந்தார்கள். கூரையில் திரண்ட நீர் சொட்டுச்சொட்டாக விழும் சத்தம் மட்டும். அவன் விரல் தண்ணீருக்குள் அவள் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. இதுதான் நேரம், இங்கே கேட்டால் முகம்கூடப் பார்க்கவேண்டாம், கேள் என்று அவள் மனசு கெஞ்சியது. உடம்பு எடையற்றுப்போய், ஆறும் கரையும் மால்மோவும் எங்கோ கரைந்துபோய், விரல் நுனி மட்டும்தான் தான் என்று ஆகிவிட்டது.

“தண்ணி சூடா இருக்கு,” என்றான் எவர்ட்.

“ஆமா, வெந்நீர் சூடாத்தான் இருக்கும்,” என்றாள். அவனைத் தண்ணீருக்குள் ஒரு முக்கு முக்கலாமா என்று வந்தது. வடக்கத்தி ஆம்பளைகளுக்கு வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் என்று பயம்போலும்.

ஞாயிறு காலை அவன் கதவைத் திறந்து பார்த்தால் தாழ்வாரம் காலி. நான்கு பூட்ஸில் ஒன்றுகூட இல்லை. கீழே போன் செய்தான்.

“ஐயோ, கதவுக்கு வெளியே வெச்சா பாலிஷ் போடச் சொல்றீங்கன்னு அர்த்தம் சார்,” என்றது ஒரு இனிமையான குரல். “இந்த ஹோட்டல் தொடங்கின நாள்லேர்ந்து அப்படித்தான். பதினோரு மணிக்கு வந்துடும். அதுவரைக்கும் போட்டுக்க ஹோட்டல் செருப்பு அலமாரியில இருக்கு.”

எவர்ட் போனை வைத்துவிட்டு, “ஈரம் காயட்டும்னு வெச்சா எடுத்துட்டுப் போயிட்டானுங்க,” என்றான். ஆயுசில் ஒருநாளும் பாலிஷ் பார்க்காத பூட்ஸ் அவை. மைலிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்படித்தான் இருவரும் காகிதம்போன்ற வெள்ளைச் செருப்போடு காலைச் சாப்பாட்டுக்குப் போனார்கள். கண்ணாடிக் கூரை போட்ட கூடம் அது. உள்ளே ஆளுயரத்துக்குமேல் பனைமரங்கள், மேலே கூரையில் ஒரு முழம் பனி. வெளிச்சம் அந்தப் பனி வழியாக வடிந்து, பாலில் நனைந்ததுபோல் எல்லார்மேலும் விழுந்தது. யாரும் அவர்கள் காலைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் காட்டிக்கொள்ளமாட்டார்கள், ஸ்டாக்ஹோம்காரர்கள். ஊறவைத்த மத்திமீன், வேகவைத்த முட்டை, ஏலக்காய் ரொட்டி என்று தட்டு நிறைய எடுத்துவந்து உட்கார்ந்தார்கள். எங்கோ பியானோ கேட்டது. மைலிஸ் தனக்குள் சொல்லிக்கொண்டாள்: இங்கேதான் கேட்கப்போகிறான். அதற்காகத்தான் இத்தனையும்.

பரிமாறும் பெண் ஒருத்தி இரண்டு கையாலும் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். பச்சை நிறத்தில் பாதாம் விழுதைப் போர்வையாகப் போர்த்திய கேக். அதன்மேல் சாக்லேட்டில் எழுதியிருந்தது.

‘மால்மோவில் நல்லா இருங்க, மைலிஸ்!’

“ஹோட்டலோட அன்பளிப்பு மேடம்,” என்றாள் அந்தப் பெண், முகமெல்லாம் சிரிப்பாக. “புக் பண்றப்போ என்ன விசேஷம்னு ஒரு கேள்வி வரும். பொறந்தநாள், கல்யாணநாள்னு எல்லாரும் போடுவாங்க. சார்தான் ‘வேறு’ங்கற இடத்துல, ‘மைலிஸ் மால்மோவுக்குப் போகிறாள், நல்லபடியாக வழியனுப்ப’ன்னு எழுதியிருந்தார். நாங்க இதுவரைக்கும் அப்படி ஒண்ணு பார்த்ததே இல்ல. சமையலறையில எல்லாருக்கும் கண்ணு கலங்கிடுச்சு.”

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தால் அதற்கு உண்மையான பதிலை எழுதித் தொலைக்கிற ஊர்க்காரன் அவன். எவர்ட்டின் காது சிவந்துவிட்டது.

“நன்றி,” என்றாள் மைலிஸ். அந்தப் பெண் போகும்வரை சிரித்த முகமாகவே இருந்தாள். பிறகு எழுந்தாள். பனைமரங்களைத் தாண்டி, பியானோவைத் தாண்டி, கம்பளத்தின்மேல் விடுவிடுவென்று நடந்தாள். கேட்பான் என்று ஒரு மாதமாகக் காத்திருந்தவளை அவன் வழியனுப்பக் கூட்டிவந்திருக்கிறான். தலையணையும் வெந்நீரும் விரலைப் பிடித்ததும் எல்லாம் அதற்குத்தான். வெளியே போய், முகம் தெரியாத ஜனங்களுக்கு நடுவே நின்று ஓவென்று அழவேண்டும்போல் இருந்தது.

சுழல்கதவுக்கு முன்னால் நின்ற வாயிற்காவலர் அவள் காலைப் பார்த்தார்.

“மேடம், வெளியே முழங்கால்வரைக்கும் பனிச்சேறு. இந்தச் செருப்போட நாலு அடி தாண்டமாட்டீங்க.”

கண்ணாடிக்கு அப்பால் டிராம் சத்தமில்லாமல் போனது. பனி பெரிய பெரிய பூக்களாக, அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு அவள் அங்கேயே அழுதாள். காவலர் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஊர் திரும்பும்வரை அவன் முகத்தில் விழிக்கக்கூடாது என்றுதான் இருந்தது. பூட்ஸ் இல்லாத பொம்பளை எங்கே போவாள்? மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

எவர்ட் அதே இடத்தில், கையிரண்டையும் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேக்கைத் தொடவில்லை.

“யார் சொன்னா உனக்கு?”

“தூவா. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி போன் பண்ணுச்சு.”

“என்ன சொன்னா?”

“‘எங்கம்மாவை நீங்க தடுக்கமாட்டீங்கல்ல’ன்னு கேட்டுச்சு. மாட்டேன்னேன்.”

“ரெண்டு மாசம்! ரெண்டு மாசமா மனசுல வெச்சுக்கிட்டு என் வீட்டுல உட்கார்ந்து காபி குடிச்சிருக்கே. என் கூரைப் பனியைத் தள்ளிக் கொடுத்திருக்கே. போகாதேன்னு ஒரு வார்த்தை வரல உனக்கு. போய்த் தொலையட்டும்னு கேக் வாங்கி வெச்சிருக்கே!”

“கேக் நான் வாங்கல,” என்றான் எவர்ட்.

“எவர்ட்!”

பக்கத்து மேசைக்காரர் காபிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எவர்ட் மேசைவிரிப்பின் ஓரத்தை நீவி நீவிச் சரிசெய்தான். அவன் பேசத் தொடங்கியபோது, பனிப்பாதையில் லாரியை முதல் கியரில் நகர்த்துகிறவன்போல் மெதுவாகத்தான் தொடங்கினான்.

“கேட்டா நீ சரின்னுடுவே.”

“என்னது?”

“யார் எதைக் கேட்டாலும் உனக்கு முடியாதுன்னு சொல்லத் தெரியாது, மைலிஸ். ஸ்கூல்ல நாலு பேர் வேலையை ஒருத்தியா செஞ்சே. கேட்டாங்க, செஞ்சே. தேவாலயத்துக்கு வருஷாவருஷம் முந்நூறு ரொட்டி சுடறே. என் தங்கச்சியோட அந்தக் கடிநாயை எட்டு மாசம் வெச்சிருந்தே. நான் கேட்டா எனக்காக இருந்துடுவே. அப்புறம் பேரன் போட்டோ வர்றப்போல்லாம், எனக்குத் தெரியக்கூடாதுன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவே. அதை நான் பார்த்துக்கிட்டு இருக்கணும். எனக்கு… அது ஆகாது.” நிறுத்தினான். “அதான் கேக்கல. கேக்காம இருக்கறது சுலபமா இருந்துச்சுன்னு நினைக்காதே.”

பதினோரு வருஷத்தில் அவன் ஒரே மூச்சில் இத்தனை பேசி அவள் கேட்டதில்லை.

கூரையிலிருந்து பனி ஒரு பாளமாகச் சரிந்து விழுந்தது. கூடத்தின் ஒரு மூலையில் திடீரென்று வெயில் கொட்டியது. மைலிஸுக்குக் கோபம் அடங்கவில்லை. அவன் சொன்னது அத்தனையும் நிஜம் என்பதில்தான் கோபமே. தூவா கேட்டபோதும் முடியாது என்று சொல்ல வராமல் ‘யோசிக்கிறேன்’ என்றுதானே சமாளித்தாள்? இவன் கேட்டால் சரி, மகள் கேட்டால் சரி. உனக்கு என்னடி வேணும் என்று அவளை அவளே கேட்டுக்கொண்டதில்லை.

இப்போது கேட்டுக்கொண்டாள். பதில் தேடவேண்டியிருக்கவில்லை. பேரனைத் தூக்கிக் கொஞ்சவேண்டும், நிச்சயமாக. அதற்கு ரயில் இருக்கிறது, மாதம் ஒருமுறை போகலாம், வேண்டுமானால் இரண்டு முறை. ஆனால் காலையில் கண் விழித்ததும் இந்த ஊமைக்கோட்டானின் குறட்டைதான் வேண்டும். பனி உடையும் அந்த இரண்டு வாரமும் எதிர்க்கரையில் நின்று கையாட்ட இனிமேல் அவளால் முடியாது. இவனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பிடித்த ஆளைப் போட்டுவிட்டுப் போகிற வயசா இது?

அவள் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இப்பக் கேளு.”

“மைலிஸ், நான் சொன்னேனே…”

“கேளுன்னா கேளு.”

எவர்ட் கைக்குட்டையை எடுத்து உள்ளங்கையைத் துடைத்தான். பனைமரத்தைப் பார்த்தான். கேக்கைப் பார்த்தான். கடைசியில் அவளைப் பார்த்தான்.

“எங்கிட்ட… என் வீட்டுக்கு… வந்து இருக்கியா?”

“முடியாது,” என்றாள் மைலிஸ்.

அவன் தலையாட்டினான். எதிர்பார்த்ததுதான் என்பதுபோல் இரண்டு தடவை ஆட்டினான். “சரி. நல்லது. புரியுது,” என்று கோப்பையை எடுக்கப் போனான். கோப்பை சாய்ந்து, காபி வெள்ளை விரிப்பில் சிந்திப் பரவியது. அந்த முகத்தை அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டியா? எனக்கும் முடியாதுன்னு சொல்ல வருது. அறுபத்துமூணு வயசுல முதல் தடவை.” அவளுக்குச் சிரிப்பு வந்தது. “இப்ப மறுபடி கேளு, எவர்ட்.”