பழைய மஞ்சள்

றெபேக்கா வந்த கையோடு டிராக்டரின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அஞ்சலீனா தண்ணீர்க் குழாயை மூட மறந்து அண்ணாவைப் பார்த்தாள். இரண்டு வருடமாக அந்த இருக்கையில் யாரும் இருந்ததில்லை. உறையின் நடுவே ஒரு தையல் விட்டிருந்தது. பாரம் பட்டால் மிச்சமும் பிரியும் என்று றஜிந்தன் தங்கையைக்கூட ஏறவிட்டதில்லை. அவனே கவிழ்த்து வைத்த வாளியில் இருந்துதான் வேலை செய்வான். இப்போது கராஜ் வாசலில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான். தையல் பிரியும் சத்தம் அஞ்சலீனாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"உயரம் காணும். சீலையோட ஏறலாம்," என்றாள் றெபேக்கா.

பிறகு கைப்பையிலிருந்து பெயின்ட் கடையில் தரும் நிற அட்டைகளை எடுத்து எஞ்சினை மூடும் மஞ்சள் பொனற்றின்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். எல்லாமே வெள்ளை. "இது முட்டைக்கோது. இது பால். மச்சாள், நீர் சொல்லும், எது?"

அண்ணாவுக்கும் றெபேக்காவுக்கும் கலியாணம் ஒக்டோபரில்தான். மோதிரம் மாற்றிய அன்றிலிருந்தே அவள் மச்சாள் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். அஞ்சலீனா ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப பால் வெள்ளை," என்றாள் றெபேக்கா.

அது அவள் தவறில்லை. அஞ்சலீனாவின் வீட்டிலும் அப்படித்தான் நடந்துவந்தது. அவள் பேசாமல் நின்றால் சம்மதம். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், ஞாயிறு பூசைக்கு எந்தச் சட்டை என்று எல்லாவற்றையும் அம்மா அக்னெஸ் கேட்பாள், கொஞ்சம் பொறுப்பாள், பிறகு "அவள் ஒண்டும் சொல்லேல்ல, அப்ப சரி" என்று முடித்துவிடுவாள். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது. அஞ்சலீனா இரசாயனம் படித்ததும் அப்படித்தான், அது அவளுக்குப் பிடித்தும் போனது.

டிராக்டரைக் கண்டுபிடித்தவள் அவள். நகரத்தின் ஓரத்தில் உள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், விவசாய வளாகத்தின் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்த முதல் வருடம் அது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோடும் இருந்து பேசவேண்டாம் என்பதற்காகவே வயல் பாதையில் நடப்பாள். ஒரு பழைய தொழுவத்தின் பின்னால், இடுப்புயரப் புல்லுக்குள், சின்னதாக, மஞ்சளாக அது நின்றது. அறுபதுகளில் வீட்டுத் தோட்டங்களுக்கென்று செய்த வகை. கோடையில் புல் வெட்டும், பனிக்காலத்தில் முன்னால் தகடு பூட்டிப் பனி தள்ளும். பெரிய டிராக்டரைச் சலவையில் போட்டுச் சுருக்கியதுபோல இருந்தது. அவள் அண்ணாவுக்கு ஃபோன் எடுத்தாள். தானாக அவனுக்கு எடுத்த முதல் ஃபோன் அதுவாக இருக்கலாம். விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை முடிந்து, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் அவன் வந்து சேர்ந்தான்.

வளாகத்தில் கேட்டு வாங்கி, தங்கள் கார்ட்டியர்வில் வீட்டின் பின் ஒழுங்கையில் இருந்த கராஜுக்குள் அதைக் கொண்டுவந்தார்கள். றஜிந்தன் இணையத்தில் தேடித் தேடி வாசித்தான். இப்படிப்பட்ட டிராக்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு சபையாகப் பிரிந்து கிடந்தார்கள். ஒரு கூட்டம் பழையதை உரித்து, புதிய நிறம் அடித்து, பெரிய சக்கரமும் பளபளக்கும் குழாயும் பூட்டிப் படம் போடும். மற்றக் கூட்டம் ஆணியைக்கூட மாற்றாது, மாற்றியவர்களைத் திட்டும். றஜிந்தன் இரண்டாவதில் சேர்ந்தான்.

"பெயின்ற் அடிச்சமெண்டால் இது எங்கட ரக்ரர்," என்றான் ஒருநாள். "அடிக்காட்டில், இது தன்ர பாட்டில ஒரு ரக்ரர்."

அந்த வசனத்தை அவள் பேருந்தில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

இரசாயனம் அவள் பொறுப்பு. ஒக்சாலிக் அமிலத்தை மிக மெல்லியதாகக் கரைத்து, பூச்சு போகாமல் துருக் கறையை மட்டும் எடுத்தாள். துருவேறிய சின்னப் பாகங்களுக்கு ஒரு தொட்டி வைத்தாள்: தண்ணீர், சலவைச் சோடா, கார் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி. ஒரு கிளிப்பில் கழிவு இரும்பு, மற்றதில் துருப்பிடித்த பாகம். மின்சாரம் ஓட ஓடக் குமிழி எழும்பித் துரு கழன்று விழும், இரும்பு அப்படியே இருக்கும். ஒருமுறை மட்டும், அவசரத்தில், பாத்திரம் தேய்க்கும் பச்சைத் துண்டால் பொனற்றின் ஓரத்தைத் தேய்த்துவிட்டாள். ஒரு கீறல் விழுந்தது. அவன் அந்தக் கிழமை முழுவதும் அவளோடு கதைக்கவில்லை. அதுகூட அவளுக்கு ஒருவிதத்தில் பெருமையாகத்தான் இருந்தது. வேறு யாருடனும் அவன் இவ்வளவு கோபித்ததில்லை.

வீட்டுக்குள் அண்ணா வாய் திறக்காதவன். கராஜில் கை வேலையில் இருக்கும்போது கதைப்பான். வேலைத்தளத்தில் யார் என்ன சொன்னது, ஊரில் இருந்து வெளிக்கிட்டபோது அவனுக்கு எவ்வளவு பயம், எல்லாம். அவள் ஸ்பானரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு கேட்பாள். கோயிலில் ஒரு பிள்ளையின் முதல்நன்மைக் கொண்டாட்டத்தில் அவன் றெபேக்காவைச் சந்தித்தபிறகு, காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோன் வந்தது. ஸ்பானருக்காக அவன் கை நீட்டுவது நிற்கவில்லை. கதை மட்டும் வேறு பக்கம் போனது.

வெள்ளை டிராக்டரில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் மண்டபத்துக்குள் வருவது என்பது றெபேக்காவின் யோசனை. றஜிந்தனின் நண்பன் சாரங்கனின் கலியாணத்தில் குதிரை வண்டில், அவளுடைய அக்காவின் கலியாணத்தில் பல்லக்கு. இனி மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். "லவால் மண்டபக்காரன் இப்ப குதிரைய விடுறானில்ல. போனமுறை கம்பளத்தில சாணி. ரக்ரர் சாணி போடாது." உள்ளே புகை விட முடியாது என்பதால் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின் மோட்டர் பூட்டுவதாக றஜிந்தன் சொன்னான். சாப்பாட்டு மேசையில், சோற்றைப் பிசைந்தபடி, மிகச் சாதாரணமாகச் சொன்னான்.

"ஒறிஜினல் எண்டு சொன்னனீங்கள்," என்றாள் அஞ்சலீனா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"மஞ்சளிலயோ போறது?" என்றாள் அக்னெஸ். "றோட்டுக் கிண்ட வந்த ஆக்கள் எண்டு மண்டபத்துக்குள்ள விடமாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாவும் சிரித்தான்.

அதற்கடுத்த சனிக்கிழமை றஜிந்தன், வெள்ளைக்கு முன் அடிக்கும் பிறைமர் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். பொனற்றை உரசச் சான்ட்பேப்பர் தாள்கள் ஏற்கெனவே மேசையில் கிடந்தன. றெபேக்கா பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்து மெட்ரோவும் பேருந்தும் எடுத்து, கையில் பற்றிஸ் பலகாரப் பெட்டியோடு வந்தாள். அவள் ஒரு கார்டெரியில், பகல்நேரக் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பவள். யார் பேசாமல் இருந்தாலும் அவர்களுக்கும் சேர்த்துப் பேசிப் பழகியிருந்தாள். வந்ததும் கையுறையைப் போட்டுக்கொண்டு, "நானும் ஏதும் செய்யிறன். சும்மா நிக்க வெக்கமாக் கிடக்கு," என்றாள்.

டிராக்டரின் நெற்றியில் இருந்து கழற்றிய பெயர்த்தகடு மேசையில் இருந்தது. கம்பனி என்றோ மூடப்பட்டுவிட்டது. எழுத்துகள் மேடாக வார்க்கப்பட்ட தகடு, மேலே கறுப்புப் பூச்சு. இதற்கு இன்னொன்று தேடி றஜிந்தன் ஒன்ராறியோ வரை ஆட்களிடம் கேட்டிருந்தான், கிடைக்கவில்லை. பூச்சுக்குக் கீழே அது அலுமினியம். பார்த்தால் இரும்புபோல இருக்கும், தூக்கினால்தான் தெரியும்.

றெபேக்கா அதைத் தூக்கினாள். கிளிப்பைக் கொளுவினாள். தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"இதையும் போடலாம்தானே, மச்சாள்?"

இரும்பு கிடக்கும் தண்ணீரில் அலுமினியம் கிடக்காது. சோடா அதைத் தின்னும். மின்சாரமும் சேர்ந்தால் வேகமாகத் தின்னும். இதை அஞ்சலீனா யோசித்துக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. தன் பெயரைப்போல அவளுக்குத் தெரியும்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

தகடு தண்ணீருக்குள் போனது. றெபேக்கா சார்ஜ் பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். குமிழிகள் வந்தன. இரும்பில் வரும் குமிழி சோம்பல். இவை பொடியாக, நெருக்கமாக, பால் பொங்குவதுபோல ஓரங்களில் இருந்து எழுந்தன. அஞ்சலீனா அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணா வருவான். பார்ப்பான். இந்த வீட்டில் யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது என்று அவனுக்கு விளங்கும். அவன் முகம் எப்படி மாறும் என்பதை அவள் முன்கூட்டியே பார்த்தாள். பச்சைத் துண்டு நாளில் மாறியது போல. அந்த முகம் இன்னொருத்திக்குத் திரும்புவதைக் காண அவளுக்கு ஆசையாக இருந்தது. கராஜ் தீப்பிடித்தால் முதலில் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய் என்று யாராவது கேட்டிருந்தால் அந்தத் தகட்டைத்தான் சொல்லியிருப்பாள். அதுவும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் கை அசையவில்லை.

"இந்தத் தகட்டை மட்டும் பழையபடியே விடச் சொல்லியிருக்கிறன்," என்றாள் றெபேக்கா, பற்றிஸ் பெட்டியைத் திறந்தபடி. "எங்கட பேர் எழுதி மாட்டுவம் எண்டு அவர் சொன்னவர். நான் வேண்டாமெண்டனான். அதின்ர பேர் அதுக்கு இருக்கட்டும். உமக்கும் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்."

அஞ்சலீனா நிமிர்ந்தாள்.

"உமக்கு என்னில கோவமெண்டு தெரியும். எனக்கும் உம்மில எரிச்சல்தான்." றெபேக்கா சிரித்தாள், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாள். "ஃபோன் எடுத்தா லீனா இதைச் சொன்னவள், லீனா அதைக் கழுவினவள். எனக்கு விசர் வரும். அண்டைக்கு நான் கலர் பிடிச்சுக் காட்டேக்க அவர் கலரைப் பாக்கேல்ல. உம்மட முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவர். நீர் காணேல்லையோ?"

அவள் காணவில்லை. அன்று அவள் இருக்கையில் பிரிந்த தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சலீனா சார்ஜ் பெட்டியின் வயரைச் சுவரில் இருந்து பிடுங்கினாள். வெறுங்கையைத் தொட்டிக்குள் விட்டுத் தகட்டை எடுத்தாள். கறுப்புப் பூச்சு தோலாக உரிந்து தொங்கியது. கீழே கரிபோன்ற ஒரு படிவு. விரலால் துடைத்தபோது எழுத்துகளின் ஓரங்கள் இல்லை. உறிஞ்சிய மிட்டாயில் இருக்கும் எழுத்துப்போல அவை வழுக்கின.

"அலுமினியம்," என்றாள்.

றெபேக்கா தகட்டைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். "போடேக்கயே தெரியுமோ?"

அஞ்சலீனா தகட்டை மேசையில் வைத்தாள். கையில் இருந்து தண்ணீர் சொட்டியது. றெபேக்கா கொஞ்சநேரம் பொறுத்தாள். பிறகு மெதுவாகத் தலையாட்டினாள். மறுமொழி கிடைத்ததுபோல.

ஒழுங்கையில் காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. றஜிந்தன் இரண்டு கையிலும் பிறைமர் தகரங்களோடு உள்ளே வந்து, மேசையில் இருந்த தகட்டைக் கண்டு, தகரங்களை நிலத்தில் வைத்தான். குனிந்தான். தொடவில்லை.

"ஆர் போட்டது?"

அஞ்சலீனாவின் வாய் திறந்தது. சொல் வருவதற்குள் றெபேக்கா சொல்லிவிட்டாள்.

"நான்தான். மச்சாள் வேண்டாமெண்டு சொன்னவ. நான்தான் கேக்காமல் போட்டனான்."

அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அஞ்சலீனாவின் பக்கம் அவள் திரும்பவும் இல்லை. றஜிந்தன் தகட்டைக் கையில் எடுத்து, வாசல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து, இல்லாத எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தான். அஞ்சலீனா அந்த முகத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அவன் மூச்சை விட்டான்.

"சரி, விடும்," என்றான் றெபேக்காவிடம். "தகடுதானே."

பிறகு தங்கையைப் பார்த்தான். "நீயும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம், லீனா."

தகடுதானே. ஒரு கீறலுக்கு ஒரு கிழமை பேசாதவன். இப்போதுகூட அஞ்சலீனாவால் உண்மையைச் சொல்ல முடியும். சொன்னால் றெபேக்கா அவளுக்காகப் பொய் சொன்னதும் தெரியவரும், அதற்காகவும் அவன் றெபேக்காவைத்தான் நிறைவாகப் பார்ப்பான். எந்த வழியால் போனாலும் அங்கே றெபேக்கா முதலில் போய் நின்றாள்.

"றஜி," என்றாள் றெபேக்கா. "வெள்ளை வேண்டாம். எஞ்சினையும் கழட்டவேண்டாம். பழைய மஞ்சளிலயே இருக்கட்டும். நாங்கள் மண்டபத்துக்குள்ள நடந்து போவம்."

"உண்மையாவோ?"

"உண்மையா."

றஜிந்தனின் முகம் மலர்ந்தது. அஞ்சலீனா அதை நன்றாகப் பார்த்தாள். இத்தனை நாளும் அவன் விரும்பியது இதைத்தான். கேட்கத் துணியாமல் இருந்திருக்கிறான். அவளும் விரும்பியது இதைத்தான். இனி அந்த மஞ்சளைப் பார்க்கும்போதெல்லாம் அவன் யாரை நினைப்பான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"பாத்தியோ," என்றான் தங்கையிடம். "நீ வெண்டிட்டாய்."

அஞ்சலீனா மேசையில் இருந்து ஒரு சான்ட்பேப்பரை எடுத்தாள். பொனற்றின் நடுவில், ஒரு கறையும் இல்லாத இடத்தில், அதை வைத்து அழுத்தி இழுத்தாள். சத்தம் கராஜுக்குள் கரகரத்தது. இன்னொருமுறை இழுத்தாள். அண்ணா "ஏய்" என்று ஒரு அடி எடுத்து வைத்து நின்றுவிட்டான். மஞ்சள் தூள் அவளது ஈர விரல்களில் களிம்பாக ஒட்டியது. மஞ்சளுக்குக் கீழே செங்காவி அடிப்பூச்சு வந்தது. அதற்குக் கீழே, ஒரு நாணயத்தின் அளவுக்கு, இத்தனை வருடமும் காற்றுப் படாமல் இருந்த இரும்பு. அதில் வாசலின் வெளிச்சம் கலங்கலாக விழுந்திருந்தது. வெளிச்சத்தின் நடுவே, பின்னால் நின்ற இருவரும் பிரித்தறிய முடியாத ஒரே இருட்டாகத் தெரிந்தார்கள்.