வெடிப்பு பழையதா, புதியதா

முகம்மது தம்பியின் காரைக் கயிறு கட்டி, ஒரு சோடி மாடுகளைக் கொண்டு இழுத்து வந்தார்கள். கல்முனைக் கடைத்தெருவில் அதைப் பார்த்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் கார் எங்கே, எப்படி நின்றுபோனது என்று ஊருக்கே தெரியும்.

போன கிழமை அவருடைய மனைவி சபியா உம்மாவுக்குப் பிள்ளை நோவு கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள் மருத்துவிச்சி. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர் முகம்மது தம்பி. எத்தனையோ வீட்டுப் பெண்களை அதே தெருவால் கொண்டுபோய்ச் சேர்த்தவர், தன் மனைவியைச் சேர்க்க முடியாமல் போனார். செட்டிபாளையம் தாண்டியதும் கார் கொதித்து நின்றது. கூட வந்த மருத்துவிச்சி வேறு வாகனம் தேடித் தெருவில் ஓடினாள். அவர் பக்கத்து வளவுக் கிணற்றில் தண்ணீர் அள்ளி ஊற்றினார். உள்ளே படாரென்று ஒரு சத்தம். அதன்பிறகு என்ஜின் எழும்பவேயில்லை. ஒரு லொறி வந்து ஏற்றிக்கொண்டு போவதற்குள் தாயும் பிள்ளையும் மௌத்தாகிவிட்டார்கள்.

"அவசரப்பட்டுப் பச்சத் தண்ணிய ஊத்தி என்ட தங்கச்சியச் சாகடிச்சுப்போட்டான்" என்று சபியாவின் தமையன் ஷரிபுதீன் சந்தையில் நின்று கத்தியதைக் கிறிஸ்ரோபரும் கேட்டிருந்தான். கராஜ் வைத்திருப்பவன் அவன். முகம்மது தம்பியின் காருக்கு அவனைத் தவிர வேறு யாரும் கைவைத்ததில்லை.

"திருத்தவா காக்கா?" என்று, கார் கராஜுக்குள் வந்ததும், அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"வேணாம். என்ன பழுதெண்டு மட்டும் பாருங்க கிறிஸ்ரோபர். எனக்கு அது தெரியோணும்."

கிறிஸ்ரோபர் ஒயில் பார்க்கும் கம்பியை உருவினான். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் கலந்துவிட்டது. பிளக்குகளைக் கழற்றினான். நடுவில் இருந்த இரண்டும் கழுவி வைத்ததுபோலக் கரியே இல்லாமல் இருந்தன. அந்த ஓட்டைகளைப் பெருவிரலால் பொத்திக்கொண்டு, முகம்மது தம்பியை ஹேண்டில் போட்டுச் சுற்றச் சொன்னான். காற்று விரலைத் தள்ளவில்லை.

என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கியதும் ஒரு பாதி விளங்கியது. நடு சிலிண்டர்கள் இரண்டுக்கும் இடையில், அடைப்புத் தகடான கேஸ்கட் எரிந்து அறுந்து கிடந்தது. கார் கொதித்தது அதனால்தான்.

"கேஸ்கட் மட்டுமா?" என்று கேட்டார் முகம்மது தம்பி.

கிறிஸ்ரோபர் என்ஜின் புளொக்கின் மேற்பரப்பைச் சுரண்டித் துடைத்தான். மண்ணெண்ணெய் பூசி, சற்றுப் பொறுத்து, அழுத்தித் துடைத்துவிட்டு, எழுதுகிற வெண்கட்டியை நொறுக்கித் தூவினான். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வெள்ளைத் தூளில் மயிரிழை போல ஓர் ஈரக்கோடு மெல்ல ஊறி வந்தது. சிலிண்டர் ஓரத்திலிருந்து தண்ணீர் ஓடும் துவாரம் வரை புளொக் வெடித்திருந்தது.

கொதித்த இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வருகிற வெடிப்பு அது. கிறிஸ்ரோபருக்குச் சந்தேகமே இல்லை. ஆறவிட்டு மெதுவாக உருட்டியிருந்தால், கேஸ்கட் எரிந்த நிலையிலும் கார் மட்டக்களப்பைத் தொட்டிருக்கக்கூடும். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை.

"இது பழைய வெடிப்பு காக்கா. எப்பவோ விட்டிரிக்கு. நீங்க ஊத்தினதால இல்ல."

முகம்மது தம்பி குனிந்தார். சட்டை நுனியால் தூளைத் துடைத்து, வெடிப்பில் நகத்தை வைத்து இழுத்தார்.

"பழசெண்டா உள்ளுக்குக் கரி ஏறிக் கறுத்திரிக்கும். இது பளிச்செண்டு புதுசாக் கிடக்கு. எனக்காகப் பொய் சொல்றீங்க."

கிறிஸ்ரோபர் கை துடைக்கும் சாக்கை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"நான் ஊத்தமாட்டன் எண்டுதான் நிண்டன்" என்றார் அவர். "ஆறட்டும் சபியா, கொஞ்சம் பொறு எண்டன். அவதான், 'இஞ்சருங்க, எனக்கு ஏலாது, ஊத்துங்க, கெதியாப் போவம்' எண்டு என்ட கையப் புடிச்சா. ஊத்தினன்."

அவர் சாக்கை வாங்கிக்கொண்டார்.

"பழைய வெடிப்பா இரிக்கோணும் எண்டு அல்லாஹ்ட கேட்டன். எனக்காக இல்ல. அவட வாயால வந்த சொல்லு அவவையே கொண்டுபோச்சுதெண்டு இரிக்கப்படா எண்டுதான்."

"அப்ப இத ஷரிபுதீன்ட சொல்லுங்களன். சனத்துக்கு முன்னால உங்களக் கொலைகாரன் மாதிரிக் கதைக்கிறாரே!"

"பழிய மௌத்தானவட தலையில போடச் சொல்றீங்களா?" அவர் கைகளைச் சாக்கில் துடைத்தார். "மச்சான் வருவார், கேப்பார். நான் அவசரத்தில ஊத்தினதாலதான் வெடிச்சது எண்டு சொல்லுங்க. அதுக்கு மேல ஒண்டும் வேணாம்."

ஷரிபுதீன் மறுநாளே வந்தார். கிறிஸ்ரோபர் வெடிப்பைக் காட்டினான்.

"தண்ணி ஊத்தினதாலதானே?"

"ஓம்."

அவர் கத்துவார் என்று கிறிஸ்ரோபர் நினைத்தான். அவரோ அப்படியே காரின் மிதிபலகையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப, பொறுத்திருந்தா என்ட தங்கச்சி இருந்திருப்பா" என்று தோளில் கிடந்த துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். கிறிஸ்ரோபர் உள்ளே போனான். தேத்தண்ணி எடுத்துவந்து கொடுத்தான். அவர் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு முகம்மது தம்பி வேறு கார் வாங்கவில்லை. சவளக்கடைப் பக்கம் நிலச்சொந்தக்காரப் போடியார் ஒருவரின் வயலில் காவலுக்குப் போனார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பள்ளிவாசலுக்கு என்று ஊருக்கு வருவார். தொழுகை முடிந்து சனம் கலையும்போது, அவரைக் கண்டதும் ஷரிபுதீன் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுவார். முகம்மது தம்பி அவர் போய் மறையும்வரை நின்றுவிட்டு, தனியாக நடப்பார். கராஜ் வாசலில் நின்று கிறிஸ்ரோபர் இதை ஒவ்வொரு கிழமையும் பார்த்தான். ஒரு நாள் பொறுக்காமல், உள்ளதைச் சொல்லிவிட ஷரிபுதீனைக் கூப்பிட்டே விட்டான். அவர் திரும்பி, "என்ன கிறிஸ்ரோபர்?" என்றார்.

"ஒண்டுமில்ல" என்றான் அவன்.