வெல்டன் சொல்லாத வரி

பிரதர் வெல்டன் கர்த்தருடைய ஜெபத்தில் ஒரு வரியை மட்டும் சொல்வதில்லை என்பதை, சிஸ்டர் எல்ஃப்ரீடாவுக்கு மலேரியா வந்த வாரத்தில்தான் கண்டுபிடித்தேன்.

எல்ஃப்ரீடா ஆலயத்தில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர். அவர் ஜெபம் சொன்னால் எனக்கு என் குரலே கேட்காது. அன்று அவர் வரவில்லை. அதனால் பின் பெஞ்சில் இருந்த வெல்டனின் குரல் காதில் விழுந்தது. வெல்டன் படகு பழுது பார்க்கிறவர், அறுபத்தைந்து வயதுக்காரர். அவருடைய கனத்த குரலுக்கு எங்கள் ஆலயத்தின் பலகைத் தரை லேசாக அதிரும். அன்றும் அன்றாட அப்பம் கேட்கும் வரி வரைக்கும் அதிர்ந்தது. அடுத்து வந்தது மன்னிப்புக் கேட்கும் வரி. பிறர் எங்களுக்குச் செய்ததை நாங்கள் மன்னிப்பதுபோல நீரும் எங்களை மன்னியும் என்கிற வரி. அப்போது தரை சும்மா கிடந்தது. வரி முடிந்ததும் மறுபடி அதிர்ந்தது.

இருமல் வந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும்.

அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது என்று என் கணவர் சொல்வார். அதை நான் மறுத்ததில்லை. திங்கட்கிழமை காலையிலேயே பாஸ்டர் மார்வா வீட்டுக்குப் போனேன். அவர் பின்வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், பிரதர் வெல்டன் ஒரு வரியை முழுங்கிடுறாரு. கவனிச்சீங்களா?"

"நான் இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே கவனிச்சேன்."

"ஏன்னு கேக்கலையா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அதை அவர்கிட்டயே கேளுங்க மிஸ் இல்மா. வந்ததுதான் வந்தீங்க, இந்தக் கூடையில பாதியை உரிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

வெறுங்கையோடு போக வேண்டாம் என்று இரண்டு தேங்காய் பன்னை எடுத்துக்கொண்டு படகுக் கொட்டகைக்குப் போனேன். வெல்டன் ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டு, தண்ணீர் கசியாதபடி பலகை இடுக்குகளில் பஞ்சைச் சுத்தியலால் அடித்துத் திணித்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. சுத்தியலைக் கீழே வைத்தார்.

"பெரிய புயல் ஞாபகம் இருக்கா? அப்ப நானும் என் தம்பி ரென்ஃபோர்டும் மணல்திட்டுல பக்கத்துப் பக்கத்து வீடு. எஞ்சின் படகு அவன்கிட்டதான் இருந்துச்சு. தண்ணி ஏற ஆரம்பிச்சதும் பொண்டாட்டி பிள்ளைங்களை ஏத்தினான். கூடவே ரெண்டு பன்னி. இதோ வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனான். வரல. நானும் என் வீட்டுக்காரி அல்டாவும் மறுநாள் காலை வரைக்கும் ஈரப்பலா மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம்."

"ஆனா ரெண்டு பேரும் பொழைச்சுட்டீங்களே."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. அன்னையிலேருந்து தகரத்துல மழை விழுந்தா அல்டாவுக்குக் கை நடுங்கும். சாகற வரைக்கும் நடுங்குச்சு. அந்தப் படகுல ரெண்டு பன்னிக்கு எடம் இருந்துச்சு, மிஸ் இல்மா."

அது நடந்து பதினான்கு வருடம். ரென்ஃபோர்ட் இப்போது காயலுக்கு அக்கரையில் இருக்கிறார் என்று தெரியும். அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை என்றும் தெரியும். காரணம் நிலத்தகராறு என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"சரி, அதுக்கு ஜெபத்துல ஏன் வாயை மூடிக்கணும்?" என்றேன்.

"அந்த வரியில ஒரு 'போல' இருக்கு, பாத்தீங்களா? நான் மன்னிக்கிறதுபோல என்னையும் மன்னின்னு கேக்கறோம். நான் ரென்ஃபோர்டை நடத்தறதுபோல கர்த்தர் என்னை நடத்தினா என் கதி என்ன? அதை வாயால கேட்டு வாங்கிக்கற தைரியம் எனக்கு இல்ல."

பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு மறுபடி சுத்தியலை எடுத்தார்.

எத்தனை ஆயிரம் தடவை அந்த ஜெபத்தைச் சொல்லியிருப்பேன்! அந்த 'போல' ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை. அடுத்த ஞாயிறு அந்த இடம் வந்தபோது எனக்கு ஹேஸ்லினின் முதுகு தெரிந்தது. ஹேஸ்லின் என் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரி. ஆறு வருடம் முன்பு சபையார் கூடி உண்ணும் அன்பின் விருந்துக்கு நான் சுட்ட பன்னைக் கையில் எடுத்து, "இதைக் கயித்துல கட்டிப் போட்டா படகு நகராது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள். அதிலிருந்து நான் அவளோடு பேசியதில்லை. அன்று எனக்கும் வாய் திறக்கவில்லை.

"என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார், குணமாகி வந்திருந்த எல்ஃப்ரீடா. விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். அடுத்த வாரம் அவரும் நிறுத்திவிட்டார். யாரை நினைத்து என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை, நானும் விடாமல் கேட்டுப் பார்த்துவிட்டேன். எல்ஃப்ரீடா மௌனமானால் ஆலயம் முழுவதற்கும் தெரிந்துவிடும். ஏன் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் யோசித்தார்கள். சிலர் சும்மா கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். எப்படியோ, ஆறாவது ஞாயிறு அந்த வரியைச் சொன்னது பாஸ்டர் மார்வாவும் முன்வரிசைச் சின்னப் பிள்ளைகளும் மட்டும்தான்.

பாஸ்டர் அடுத்த வரிக்குப் போகவில்லை. பிரசங்க மேடையிலிருந்து இறங்கி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இந்த வரியிலேயே நிப்போம். அவசரமில்ல," என்றார். "இன்னைக்குப் பிரசங்கம் கிடையாது. யாரைப் பாக்கணுமோ போய்ப் பாத்துட்டு வாங்க. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

யாரோ விசிறிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது. வெல்டன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துறையில் தன் படகை அவிழ்த்து எஞ்சினைக் கிளப்பினார். படகின் மூக்கு அக்கரையைப் பார்த்துத் திரும்பியது.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. நடைபாதையைக் கடந்து ஹேஸ்லின் பெஞ்சுக்குப் போய் நின்றேன்.

"ஹேஸ்லின்."

"ம்."

"ஆறு வருஷமா உன் மேல கோவமா இருக்கேன்."

"தெரியும். என் கோழி உன் பக்கம் வந்தா நீ விரட்டற விரட்டுலயே தெரியும்."

"அன்னைக்குப் பன்னு கல்லு மாதிரிதான் இருந்துச்சு. ஈஸ்ட் பழசு."

அவள் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்து எனக்கு இடம் விட்டாள். "எல்லார் முன்னாடியும் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், "நீயும் என் மக கல்யாணத்துக்கு வரல. வேலிக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு வரல. அன்னைக்கு நான் அழுதேன்," என்றாள்.

நான் மன்னிக்கப் போனவள். என்னையும் ஒருத்தி மன்னிக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் விசிறியை எனக்கும் சேர்த்து வீசினாள்.

வெல்டன் பிற்பகலில் திரும்பி வந்தபோது நான் துறையில் இருந்தேன். மீன் வாங்க வந்ததாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். அவனுக்குக் கண்ணு சரியாத் தெரியல இப்ப. எஞ்சின் சத்தத்துலயே நான்தான்னு கண்டுபிடிச்சுட்டான்." கயிற்றைத் தூணில் கட்டினார். "புயல் அன்னைக்குத் திரும்பி வந்தானாம். பாதி தூரத்துல அலையைப் பாத்துப் பயந்து படகைத் திருப்பிட்டானாம். பயந்தேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சாம். அதுக்குத்தான் பதினாலு வருஷம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மரவள்ளி அவிச்சு வச்சிருந்தான். சாப்பிட்டேன்."

"மன்னிச்சுட்டீங்களா?"

கட்டிய கயிற்றை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். "தெரியல மிஸ் இல்மா. அந்தப் பன்னிங்க இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது."

மறு ஞாயிறு எல்லோரும் எழுந்து நின்று ஜெபத்தைத் தொடங்கினோம். அந்த வரி வந்ததும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். காலுக்குக் கீழே தரை லேசாக அதிர்ந்தது. வெல்டன் வரியைச் சொன்னார். ஆனால் 'நாங்கள் மன்னிப்பதுபோல' என்று சொல்லவில்லை, 'நாங்கள் மன்னிக்கப் பார்ப்பதுபோல' என்றார். அதனால் மற்றவர்களைவிடச் சற்றுப் பிந்தி, தனியாக முடித்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் கை குலுக்கும்போது பாஸ்டர் அவரை நிறுத்தினார். நானும் அங்கேயே நின்றுகொண்டேன்.

"ஜெபத்துல ஒரு வார்த்தையை மாத்திட்டீங்களே, பிரதர்."

"இப்போதைக்கு எனக்கு அவ்வளவுதான் வருது, பாஸ்டர்."

பாஸ்டர் அவர் கையை விடாமல் தலையாட்டினார். "அப்ப அதையே சொல்லுங்க," என்றார்.