ஈடன் போகும் வழியில்

ஆஸ்திரேலியாவின் பர்மகுயித் துறையை விட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பாய்க்கயிற்றை இறுக்கும் வின்ச்சுக்கு இருந்த ஒரே கைப்பிடியை நான் கடலில் போட்டேன். பத்திரமாக வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் நழுவவிட்டேன். நல்ல கனமான பொருள். தயக்கமே இல்லாமல் நேராகக் கீழே போனது.

எனக்குப் படகோட்டக் கற்றுத்தரும் ப்ரோன்வின், அது மறையும்வரை பார்த்துவிட்டு, கேப்டன் இனி என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டாள். கேப்டன் நான்தான். தெற்கே ஈடன் துறைமுகம் சேரும்வரை எல்லா முடிவும் என்னுடையது என்று ஏற்பாடு.

முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன் நான். ப்ரோன்வின் சிறுமியாக அதில் ஆறு வருஷம் வந்தாள். மணி அடிப்பதற்குள் போய்விடுவோமா என்று தினமும் கேட்பாள். பேருந்தைத்தான் கேட்க வேண்டும் என்பேன். அதற்குப் பழிதீர்க்க அவளுக்கு இப்போது ஒரு கடலே கிடைத்திருந்தது. பாயைத் தளர்த்தவா, கரையை ஒட்டிப் போகவா, எதைக் கேட்டாலும் ஒரே பதில்.

“கேப்டனத்தான் கேக்கணும், டிரைவர்.”

எனக்கு வேண்டியதோ ஒரே ஒரு பதில். ஓய்வுபெற்றதும் எனக்கும் என் மனைவி நோலினுக்குமாக வாங்கிய படகு இது. இரண்டு வருஷமாக அவள் அதில் கால் வைக்கவில்லை. துறைக் கம்பத்தில் நான் இரண்டு முறை மோதியது ஊருக்கே தெரியும். நம்பி வரலாம் என்று ப்ரோன்வின் தன் வாயால் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டாள்.

வழியில் மெரிம்புலா ஊரைத் தாண்டி, வடகிழக்குக் காற்று முதுகில் தள்ள நன்றாகவே போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று முன்னால் தண்ணீர் உடைந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. பக்கத்திலேயே ஒரு சிறுமூச்சு. தாய்த் திமிங்கிலமும் குட்டியும், எங்கள் திசையிலேயே, எங்களைவிட மெதுவாக.

ஒதுங்கிப் போக வேண்டுமானால் பாயை இறுக்க வேண்டும். வெறுங்கையால் இழுத்தால் என் தோள்தான் கழன்று வரும். குட்டியோடு இருப்பவளின் காதருகே இன்ஜினைப் போடவும் மனம் வரவில்லை. ப்ரோன்வினைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

படகை அங்கேயே நிறுத்திவைக்க, அதன் மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பினேன். முன்பாயின் கயிற்றை அவிழ்க்காமலே படகை மறுபக்கம் சாயவிட்டு, சுக்கானை எதிராகத் தள்ளிப் பிடித்தேன். பாய் ஒரு பக்கம் தள்ள, சுக்கான் இன்னொரு பக்கம் தள்ள, படகு குழம்பிப்போய் நின்றது. நானும் அப்படித்தான்.

தாய் திரும்பி எங்களிடம் வந்தாள். படகு இருபத்தாறு அடி. அவள் தலை அடியில் புகுந்து அந்தப் பக்கம் போன பிறகும் உடம்பு வந்துகொண்டே இருந்தது. அவளுடைய வெள்ளைத் துடுப்பு நீருக்குள் பச்சையாக ஒளிர்ந்தது. பிறகு பக்கத்தில் எழுந்து ஒரு கண்ணால் பார்த்தாள். முப்பது வருஷம் பேருந்துக் கண்ணாடியில் எத்தனையோ கண்களைப் பார்த்தவன். யாரும் என்னை இவ்வளவு நிதானமாகப் பார்த்ததில்லை. அழுகிய மீன் வாடையோடு அவள் மூச்சு என்மேல் தூறியது. துடைக்கத் தோன்றவில்லை. குட்டி சுற்றி வந்து அவள் விலாவில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவு பெரிய உடம்பு, படகைத் தொடாமல் போனது.

முன்பாயின் கயிற்றைத் தளர்த்தி, படகை மறுபடி ஈடன் பக்கம் திருப்பினேன்.

“ப்ரோன், நேரா சொல்லு. நோலினை இதுல கூட்டிட்டு வரலாமா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வரலாம். புதுக் கைப்பிடிய மட்டும் அவங்க கையில குடுத்துருங்க.”